குன்னூரில் மூன்றாம் இரவு

தகரக் கொட்டகைக்குள் மூடுபனி
டிக்கெட் வாங்காமல் வந்து உட்கார்ந்தது.
வேம்பம்மாளுக்குப் பதினோரு வருஷமாய் ராஜபார்ட்;
காரைக்குடி மெடல் இரண்டும் மார்பில்.
மீசைப் பசைதான் குளிரில் காயவில்லை,
மேலுதட்டைச் சுருக்கியபடியே நாட்டை ஆண்டாள்.

நான் பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடிப்பவன்.
முகம் தெரியாத கூட்டம்
கம்பளிக்குள் இருமியது.
இருமல் வந்த பக்கம் பார்த்துப் பாடினாள்.

அப்புறம் மழை.
தகரம் அதிர்ந்ததில் ஆர்மோனியம் ஊமை.
அவள் வாய் மட்டும் அசைந்தது.

மீசையைப் பிய்த்து
என் கையில் திணித்துவிட்டு
மேடையை விட்டு இறங்கினாள்.
பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து
ஆளுக்கொரு காதில்
ஆளுக்கொரு வரி.

மறுநாள் கொழுந்து பறிக்கையில்
அதையெல்லாம் கோத்துப் பார்த்தார்களாம்;
நடுவில் ஒன்று குறைந்ததாம்.
என்னைக் கேட்டார்கள்.

என் காதில் அவள் சொன்னது
பாட்டில் இல்லை:
“காத்தடிங்கண்ணே, இருட்டுது.”