கச்சான் சுருள்

மண்முனைப் பாலத்தடியில் கச்சான் வறுத்து விற்கிறேன்.
பழைய தாள் கிலோக் கணக்கில் ஆரையம்பதியிலிருந்து வரும்.
சுருட்டுமுன் வாசிக்கிற பழக்கம் எனக்கு:
மரண அறிவித்தல், கடன் கொப்பி,
இடைவெளி நிரப்பச் சொல்லும் வினாத்தாள்.

நேற்று வந்தது ஒரு யப்பான் வாள்வீரன்.
தோற்றால் வெள்ளை உடுத்துப் பாயில் இருந்து
தன் வயிற்றைத் தானே கிழிப்பானாம்.
அதிகம் நோகவிடாமல்
பின்னால் நிற்கிற கூட்டாளி தலையை எடுப்பானாம்.
மானம் என்று
தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

எங்களுக்கு வாள் இல்லை.
கழுத்தில் கறுப்பு நூல்,
அதன் நுனியில் சுண்டுவிரல் அளவு மானம்.
யார் கிட்ட வந்தால் கடிப்பது என்றும்
சொல்லித்தான் தந்தார்கள்.
ஆனால் அந்தச் சித்திரையில்
வெருகலுக்கு அக்கரையில் நின்றது அவர்கள் சொன்ன ஆள் இல்லை,
என்னோடு ஒரே கோப்பையில் சோறு தின்ற வத்சலா.
அவளுடைய துவக்கு நடுங்கியது.
என்னுடையதும்.

மறுகா, "எல்லாரும் ஊட்ட போங்க" என்றார்கள்.
யாரோ ஒருத்தியின் பூப்போட்ட சட்டை,
தோளில் நிற்காமல் வழுக்கியது.
அப்போது இங்கே பாலம் இல்லை. பாதை ஓடியது;
மிதக்கிற அந்தத் தகரத்துக்கு எங்கள் ஊரில்
அதுதான் பேர்.
பாதைக்காரப் பூவாலப்பிள்ளை
என் காலில் சப்பாத்துத் தழும்பைப் பார்த்தார்.
"ஏறு புள்ள."
காசு கேட்கவில்லை. பேரும் கேட்கவில்லை.
நடு வாவியில் நூலை அறுத்துப் போட்டேன்.
ஒரு மாதம்
வாவி மீன் தின்னவில்லை.

இப்போது பாலத்துக் கல்லில் யப்பான் கொடி.
உதிக்கிற நாட்டுக் காசு
எழுவானையும் படுவானையும் முடிந்து வைத்திருக்கிறது.
வயிறு கிழித்தவர்களின் பேரப்பிள்ளைகள்
பாலம் கட்டப் படித்திருக்கிறார்கள்.

தாளின் மறுபக்கம் சீனம்.
எந்தக் காலத்துப் படைத்தலைவனோ
வென்ற இரவில் தன் ஆட்களுக்குச் சொல்கிறான்:
களஞ்சியத்தைப் பூட்டுங்கள், கொடியை இறக்குங்கள்,
ஆனால் தோற்றவன் வீடு போக ஒரு

அவ்விடத்தில் கிழிந்திருந்தது.

இடைவெளி நிரப்புவதில் வத்சலா கெட்டிக்காரி.
எந்தக் கரையில் ஏறினாளோ, ஏறினாளோ இல்லையோ.

அந்தத் தாளைத் தராசுக்கு அடியில் மடித்து வைத்தேன்.
ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்கிறது.
கொக்கட்டிச்சோலை பஸ் நிற்கிறது,
"அக்கா, சூடா நூறு கிராம்."