பொட்டி வாடகை

பன்னிரண்டு மணி நேரம் ஒரு வாடகை.
ஒரு நிமிஷம் தாண்டினாலும் ரெண்டு.
சேவூர் சுற்றுவட்டாரத்தில் குளிர்ப்பெட்டி என்றால் என்னுடையதுதான்.

இரவு பத்தேகால்.
சென்னியப்பன் வீட்டு பிளக்கில் வயரைச் செருகிவிட்டு
எல்லா வீட்டிலும் கேட்பதைக் கேட்டேன்:
"யாராச்சும் வரோணுங்களா?"

"புள்ளை சிங்கப்பூர்ல" என்றார் பங்காளி ராக்கியண்ணன்.
"அத்தன தூரத்துக்கு ஆரு காத்திருக்கறது,
காலைல எடுத்தரலாம்."
பாவாத்தாள் வாய் திறக்கவில்லை.
கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.
மறுபடி படிந்தது.

"எத்தன தூரமுங்க அது?"
யாரோ என்னைக் கேட்டார்கள்,
பெட்டிக்காரனுக்குத் தெரியாதா என்று.
போனைத் தட்டினேன்.
கோயமுத்தூரிலிருந்து மூவாயிரத்து நூற்றிச் சொச்சம் கிலோமீட்டர்.
பறக்கும் நேரம் நாலரை மணி.

"நாலரை மணிதானுங்க."
உரக்கத்தான் படித்தேன்.
அதற்குக் கீழே, நேர் விமானம் நாளைக்கு இல்லை என்று
பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை.

"திருச்செந்தூருக்கே எட்டு மணி நேரமாகுது"
ராக்கியண்ணன் தலையைச் சொறிந்தார்.
"செரி, இருந்து எடுப்போம்."

நாலரை மணி என்பது
பெல்ட்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிற நேரம்.
சூப்பர்வைசர் கதவருகே மேகலை நின்ற நேரம் அதில் சேராது,
அறைக்காரிகள் ஆளுக்குக் கொஞ்சமாய் டிக்கெட்டுக்குப் போட்டதும்.
சென்னையில் இறங்கி, மறுபடி ஏறி,
பீளமேட்டில் கார் பிடித்தால்
கருமத்தம்பட்டியில் நூல் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடந்ததாம்.
இதெல்லாம் பிறகு தெரிந்தது.

காலை ஒன்பதரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டரை இறக்கினேன். டீசல் தனி.
பத்தேகாலுக்கு இரண்டாம் வாடகை ஆரம்பித்தது.
அழுதுகொண்டிருந்தவர்கள் கவனிக்கவில்லை.
நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மூணு மணிக்குப் பாடை தயார்.
மோளக்காரர்கள் ரெண்டாவது டீயும் குடித்தாயிற்று.
ராக்கியண்ணன் என்னையே பார்த்தார்.
பொழுது விழுந்தால் எடுக்க முடியாது.
நான் ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கார்க் கதவைத் திறந்தவள்
முதலில் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.
ஏழு அம்பது.
"பொழுது உழுந்துருச்சுங்களா?" என்றாள்,
முகம் முழுக்க வெயிலை வைத்துக்கொண்டு.

யாரும் சிரிக்கவில்லை.
மேற்கே, தென்னைக்கு மேலே,
ஒரு பனை உயரம் பாக்கி இருந்தது.
பாவாத்தாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்து
கடிகாரத்தைக் கழற்றி இடுப்பில் செருகினாள்.
நான் மூடியைத் திறந்தேன்.

ரெண்டு வாடகை, டீசல் அஞ்சு லிட்டர்.
ராக்கியண்ணன் எண்ணிக் கொடுத்தார், பேசவில்லை.
நானும் குறைக்கவில்லை.

கைகாட்டி தாண்டுவதற்குள் அடுத்த அழைப்பு.
அவிநாசி. பையன் மஸ்கட்டில்.
"வரதுக்கு எந்நேரமாகுமுங்க?"

வேனை ஓரங்கட்டிப் பார்த்தேன்.
பொடி எழுத்து இங்கேயும் இருந்தது.
"மூணரை மணிதானுங்க" என்றேன்.