ஆல்ட்டோ

வெள்ளி சாயங்காலம் குலசேகரத்தில்
வேன் ஏறும்போது எண்ணிப் பார்த்தால்
இருபத்திரண்டு பேர்.
சொப்ரானோ பன்னிரண்டு, ஆல்ட்டோ ஐந்து, பேஸ் நான்கு.
டெனருக்கு ஜெபசிங் மட்டும்.
அவனுக்கும் தொண்டை கட்டியிருந்தது.

அழகியமண்டபத்தில் நிறுத்திப் பழம்பொரி வாங்கினோம்.
"எண்ணெய்ப் பலகாரம் குரலுக்கு ஆகாது" என்றார் ஜஸ்டஸ் சார்
இரண்டாவதைக் கடித்துக்கொண்டே.
அவருக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு,
ஞாயிறுகளில் நாங்கள்.
எங்கே விடை தப்பினாலும்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

முட்டத்தில் சபையின் ஓய்வில்லம்.
கட்டில் பதினொன்று, மீதிப் பேருக்குப் பாய்.
மார்ச்சில் ஒரு தனிப்பாட்டை முன்னிட்டுப்
பேச்சை நிறுத்திய பியூலாவுக்கும் எமிலெட்டுக்கும்
அடுத்தடுத்த பாய்.
கலங்கரை விளக்கின் வெளிச்சம்
சன்னல் சன்னலாகப் பெயர் கூப்பிட்டுப் போனது.

ஆல்ட்டோ என்றால் இவ்வளவுதான்:
மேலே சொப்ரானோ மலையேறி இறங்கும்,
கீழே பேஸ் பாறை உருட்டும்,
நான் ஸோவில் நிற்பேன்.
ஒன்பது எண்ணிக்கை நிற்பேன்.
ஃபாவுக்கு ஒரு படி இறங்குவேன்,
திரும்ப ஸோ.
வீட்டில் பாடிப் பழகினால் மகன் கேட்கிறான்,
"அம்மா, பாட்டு எப்பம் தொடங்கும்?"

சனிக்கிழமை முழுக்க
முப்பத்திரண்டாம் அளவைத் தாண்டவில்லை.
பாடி முடித்துக் கீபோர்டைத் தொட்டால்
அது ஒரு மாடி மேலே இருக்கும்.
நாங்கள் எந்தப் படியில் வழுக்கினோம் என்று
யாருக்கும் தெரியாது.
சொப்ரானோ பேஸைப் பார்த்தது,
பேஸ் ஜெபசிங்கைப் பார்த்தது,
ஜெபசிங் இருமினான்.
கண்ணாடி துடைத்துத் துடைத்து
சாரின் வேட்டி முனை நனைந்துவிட்டது.
மத்தியானம் மரச்சீனியும் நெத்திலிக் குழம்பும்.
அதன் பிறகு நாங்கள் பாடியதை
நான் எழுதப் போவதில்லை.

இரவு மூன்று மணி.
குறட்டைக்கு அஞ்சி வெளியே வந்தேன்.
படிக்கட்டில் சத்தியநேசன்.
றப்பர் வெட்டுக்காரருக்கு
முழிப்புத் தட்டும் நேரம் அது.
இங்கே வெட்ட ஒரு மரம்கூட இல்லை,
முன்னால் கடல்.
நோட்டேஷன் வாசிக்கத் தெரியாதவர்
பால் அளந்து ஊற்றும் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கம்
தோ தோ ஸோ என்று தமிழில் எழுதி
செல்போன் வெளிச்சத்தில் முனகிக்கொண்டிருந்தார்.

"நம்ம பாகத்த மட்டும் பாடினா
எங்க போவுதுண்ணே வெளங்கல்ல, கேட்டியளா."

"எனக்கு அது போகவே போகாது" என்றேன்.

சிரித்தார். ஒருக்கா பாடிப் பார்ப்போம் என்றார்.
மெட்டு உள்ளே பன்னிரண்டு பாய்களில் தூங்க
வெளியே நாங்கள் இரண்டு பேர்
அதன் அடியையும் நடுவையும் மட்டும் பாடினோம்.
வீடு கட்டும்போது
சுவர் எழும்பாமல் நிலைகள் மட்டும் நிற்குமே,
அப்படி.

முப்பத்திரண்டில் அவர் சட்டென்று நின்றார்.
"ஒங்க ஃபா கொஞ்சம் சரியுது."

நானா?
இருபது வருஷமாக நிற்கிற இடத்தில்
அசையாமல் நிற்பவள் என்று பெயரெடுத்தவள்.
மறுபடி பாடினேன்.
நான்தான்.
ஒரு நூல் அளவு.
இருபத்தொரு பேரும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே
கீழே இறங்கியிருக்கிறார்கள்.

எட்டாவது தடவை பாடும்போது
மேலே சன்னல் திறந்தது.
"நேரம் என்ன தெரியுமா?" பியூலாவின் குரல்.
"மூணரை" என்று
இருட்டில் பதில் சொன்னது எமிலெட்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கடைசி ஒத்திகை.
முப்பத்திரண்டு வந்தது, போனது.
சார் கீபோர்டைத் தொட்டார்.
கண்ணாடியைத் தொடவில்லை.
முப்பத்தாறில் ஜெபசிங் இருமியதையும்
மன்னித்துவிட்டார்.
திரும்பும்போது திங்கள்சந்தை வரைக்கும்
வேனில் எல்லோரும் தூக்கம்.
சத்தியநேசனும் நானும்
அந்த விஷயத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மீட்டர் பார்க்கப் போனேன்.
மின்வாரியத்தில் எனக்கு அதுதான் வேலை.
திருவட்டார் போகும் வழியில்
ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ரீங்கரித்துக்கொண்டிருந்தது,
ஃபாவுக்குக் கொஞ்சம் கீழே.
ரோட்டில் ஆள் இல்லை.
கைக்கருவியை அக்குளில் இடுக்கிக்கொண்டு
அதற்குச் சரியான சுருதியைப்
பாடிக் காட்டினேன்.
திருத்திக்கொள்ளவில்லை.