பதினேழாம் பக்கம்

மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சந்தில்,
சபூரா அக்காவின் ஜெராக்ஸ் கடைக் கணினியில்
என் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது.
"இன்னிக்கு எத்தனை?"
"ஏழுக்கா."
பத்து மாதமாக எங்களுக்குள் இதுதான் பேச்சு.
சிப்காட்டுக்கு மூன்று, சேதராப்பட்டுக்கு மூன்று,
ஒன்று கையில் இருக்கட்டும்.

பெயருக்குக் கீழே 'குறிக்கோள்' என்று ஒரு வாக்கியம்.
சீனியர் ஒருவன் கொடுத்தது.
அவனுக்கு யார் கொடுத்தார்களோ.
ஒரு நாளும் அதை நான் முழுதாகப் படித்ததில்லை.

அன்று கரண்ட் போனபோது
நாலாவது பிரதி பாதி உள்ளே, பாதி வெளியே.
'திறன்கள்' வரைக்கும் வந்துவிட்டு
நின்றுவிட்டேன்.
மூன்று மணிக்கு வாக்-இன்.
அட்டையால் விசிறிக்கொண்டு நின்றவளிடம்
உப்புத்தண்ணியில் ஊறிக் காய்ந்து உப்பிய
ஒரு புத்தகத்தை நீட்டினார் அந்த ஆள்.
சோனாங்குப்பம், பெயர் அஞ்சாப்புலி.
"ஜெராக்ஸ் எடுக்க வந்தேன், மெஷின் படுத்திருச்சு.
நீயாவது படிச்சுச் சொல்லேன்,
இது என்னா சொல்லுது?"

மீன் காட்டும் கருவியின் கையேடு.
ஒலியைக் கீழே அனுப்பும்,
தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்புவதைக் கேட்கும்.
நாலாம் செமஸ்டரில் பதினாறு மார்க் கேள்வி.
படம் போட்டு, பாகம் குறித்து,
பதிமூன்று வாங்கியிருக்கிறேன்.
அந்தப் பெட்டியை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"தரையே காட்ட மாட்டேங்குது.
தடைக்காலம் முடிய இன்னும் ஒன்பது நாள்தான்."
சிப்காட் போகிற வழியில்தானே முதுநகர்,
பத்து நிமிஷம், என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
சொன்னபோதே அது பொய் என்று தெரியும்.

"செருப்பை அங்கேயே விட்டுட்டு ஏறு."
திரை, ஒயர், ஃபியூஸ், எல்லாம் சரி.
பிறகுதான் பதினேழாம் பக்கம்.
கட்டம் கட்டி, தடித்த எழுத்தில், ஒரே வரி.
படித்ததும் இறங்கி,
கரையேற்றி நிறுத்தியிருந்த படகின் அடியில்
இன்டர்வியூ சுடிதாரோடு மல்லாந்து படுத்தேன்.

இருந்தது.
படகுக்கு நீலம் அடித்தவர்கள்
கேட்கிற அந்தச் சின்ன முகத்துக்கும் சேர்த்து
இரண்டு கோட் அடித்திருந்தார்கள்.

இரும்பு படக்கூடாது என்கிறது கையேடு.
பையில் துழாவியதில் அகப்பட்டது
கல்லூரி அடையாள அட்டை.
என் புகைப்படத்தின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு
மறு ஓரத்தால் சுரண்டினேன்.
நீலம் செதில் செதிலாகக் கழுத்தில் விழுந்தது.
மூன்றேகால். மூன்றரை.
சிப்காட்டில் யாரோ என் பெயரைக் கூப்பிட்டு
அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்கள்.
நெஞ்சு ஒருமுறை திக்கென்றது, மறைக்கவில்லை.
ஆனாலும் கை நிற்கவில்லை.

ஐந்நூறு ரூபாய், ஒரு கட்டு கருவாடு,
"இன்னும் மூணு படகுல இதே கோளாறுதான்,
நாளைக்கு வர்றியா?"

வீட்டில் அம்மா கேட்டாள்: "இது வேலையா?"
"தெரியலம்மா."
"மாசாமாசம் வருமா?"
அதுவும் தெரியவில்லை.
கருவாட்டை மட்டும் வாங்கி உள்ளே வைத்தாள்.

மறுவாரம் சபூரா அக்கா கேட்டாள்.
"ஐந்து போதும். அந்த முதல் வரியை எடுத்திடுங்க."
"அந்த இடத்துல என்ன போட?"
"சும்மா விடுங்க."
வெள்ளையாக ஒரு விரலகலம்.
அதன் ஓரத்தில் பேனாவால்
என் போன் நம்பரைக் கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.

தடைக்காலம் முடிந்த இரவு
இரண்டேகாலுக்குத் தெரியாத நம்பர்.
எந்தக் கம்பெனி இந்நேரத்தில் கூப்பிடும் என்று
யோசிக்காமலே எழுந்து உட்கார்ந்து,
குரலைச் செருமி, "குட் மார்னிங் சார்" என்றேன்.
பின்னால் இன்ஜின் சத்தம், காற்று,
யாரோ சிரிக்கிறார்கள்.
"பதினாலு பாகம் காட்டுதும்மா. அடியில சேறு.
இரு, இரு, மேல என்னமோ..."
சிக்னல் போய்விட்டது.

விடிகிறவரை
போனைத் தலையணைக்கு அடியில் வைக்கவில்லை.