இரண்டு மண்

சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்தாலும் கேட்டது.
அதுதான் முதல் துப்பு.
படம் ஓடாத நேரத்திலும்
ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்
வாயை மூடிக்கொண்டு
ம்ம்ம்ம் என்றன,
கேட்டதற்குப் பதில் சொல்ல விரும்பாத
கந்தோர் ஆள் போல.

"பாலத்தடி மீன் வீட்டுக்க வந்திட்டுதும்மா"
என்றான் யதுசன்.
ஊர்ப்பெருமையை இதுக்குள் இழுக்காதே என்றேன்.
இருபத்தெட்டாயிரம் கொடுத்து வாங்கியது,
கட்டாருக்குப் போகிறவரிடம்,
பாதி விலையில்.

போயா லீவு. அவன் வயர் பிடுங்க, நான் காது கொடுத்தேன்.
டிவிடியைக் கழற்றினோம். இரைந்தது.
சாமித்தட்டில் மினுங்கும் சீன பல்பு மாலையை
மன்னிப்புக் கேட்டு அணைத்தோம். இரைந்தது.
பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி
ஒரு டப்பா ஐஸ்கிறீமைப் பலிகொடுத்தோம்.
ஃபேனையும் நிறுத்தினோம்:
ஆடி மாதம், வெளியே கச்சான் காற்று,
வியர்வைதான் கூடியது.

கடைசியாக டிஷ் கேபிளின் திருகைத் தளர்த்தினேன்.
சட்டென்று
வீடு இருந்தது.
வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மறுபடி பூட்டினேன். ம்ம்ம்ம்.

அந்தக் கேபிள் எங்கே போகிறதென்று எனக்குத் தெரியும்.
யதுசனுக்கும் தெரியும். நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
யன்னலுக்கு மேலுள்ள ஓட்டையால் வெளியேறி
நடுமதிலில் ஏறி
அண்ணன் பக்கத்துக் கூரைக்கு.
வீட்டைப் பிரித்தபோது
தென்னையை எண்ணிப் பிரித்தோம்,
மீற்றரை இரண்டாக்கினோம்,
கிணற்றை நான் எடுத்தேன், கேற்றை அவர் எடுத்தார்.
இதை மறந்துவிட்டோம்.

றொசைரோ வந்தார்,
சேர்ட் பொக்கற்றில் மல்ற்றிமீற்றர்.
கிணற்றடியில் குந்தி
எர்த் கம்பியைச் சுற்றி விரலால் கிளறினார்.
கல்லடி மணல், சீனி போல உதிர்ந்தது.
"கம்பிக்கு ஈரம் காணா, தங்கச்சி.
மற்றப் பக்கத்துக் கம்பி வேற இடத்தில நிக்குது.
ரெண்டும் எர்த்துதான், ஆனா ரெண்டும் ஒண்டில்ல.
வித்தியாசம் கிடந்தா கேபிளுக்குள்ளால ஓடும்.
மறுகா, அந்த ஓடுறதுதான் இரையுது."

இரண்டு வழி சொன்னார்.
கேபிளின் நடுவில் பூட்டும் சின்னச் சாமான் ஒன்று,
கொழும்பிலிருந்து வரவேண்டும்,
ஒருவரும் ஒருவரோடும் பேச வேண்டியதில்லை.
இல்லாவிட்டால் பச்சை மஞ்சள் வயர், பதினெட்டு மீற்றர்,
இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிக்கு.
"அதுக்கு அங்காலயும் ஓம் எண்ட வேணும்."

நான் மணலைப் பார்த்தேன்.
மீற்றரின் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:
"போன மாசம் அவரும் கூப்பிட்டவர்.
அங்கயும் இதே இரைச்சல்தான்.
இதே ரெண்டு வழியும் சொன்னனான்.
அவ சம்மதிக்க மாட்டா எண்டுட்டார்."

சனிக்கிழமை வயர் மதிலுக்கு மேலால் போனது.
யார் யாரைக் கேட்டது என்று எழுதமாட்டேன்.
றொசைரோ அந்தப் பக்கம் ஆணியை முறுக்க
நான் இந்தப் பக்கம்
ஸ்பீக்கரின் வலையில் காதை ஒட்டி இருந்தேன்.
அங்காலிருந்து ஒரு குரல்,
றொசைரோவுடையது அல்ல:
"இப்ப?"
"கிடக்கு."
"இப்ப?"
"குறையுது."
"இப்ப?"
"இல்ல."
அதற்குப் பிறகு
இருவருக்கும் அடுத்த சொல் தெரியவில்லை.
புது வயரில் ஒரு காகம் இருந்து பார்த்தது,
ஆட்டம் பிடிக்காமல் எழும்பிப் போனது.

மழை வருமட்டும் கம்பியடியில்
நாளுக்கொரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார்.
ஊற்றுகிறேன்.

ஒன்றுதான் மிச்சம்.
இரவில், படத்தில் எல்லோரும் பேசாமல் இருக்கும் இடத்தில்
இடது ஸ்பீக்கரில் ஒரு டிக்.
அண்ணன் வீட்டுப் பிரிட்ஜ் எழும்புகிற நேரம்.
இருநூற்றைம்பது ரூபாய்க் கெப்பாசிற்றர் போட்டால்
அதுவும் நின்றுவிடுமாம்.
கிடக்கட்டும் என்றேன்.
விலை கூடவோ என்று கேட்டார் றொசைரோ.
ஓம் என்றேன்.