அருகிலுள்ள ரயில் நிலையம்

பாவ்ச்சா தக்காவின் படிகள் வழுக்கும்.
துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான்
படகில் கால் வைக்கணும்.
இருபது கேன் தண்ணீர், இரண்டு மூட்டை அரிசி,
ஐஸில் புதைத்த கோழி.
வியாழக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம் போனால்
நீதிமன்றம் பிடித்துவைத்த கப்பல்
துருப்பிடித்தபடி நிற்கும்.
முதலாளி எங்கோ போனை அணைத்துவிட்டான்.
ஒன்பது மாதமாக ஆறு பேர்
சம்பளம் இல்லாமல், இரவில் ஜெனரேட்டர் இல்லாமல்,
மும்பையின் விளக்குகளை எண்ணிக்கொண்டு.

நான் ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தா.
சரக்கை ஏற்றிக் கையெழுத்து வாங்கினால் தீர்ந்தது என் வேலை.
அன்றைக்கு மட்டும் கூடுதலாக
ஊருக்கு அனுப்பும் படிவம் ஆறு.

சமையல்காரர் எல்மெர் பாங்கிலினான்
கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.
ஊர்?
தலிபாங்.
அவர் மொழியில் ஊருக்கு 'பயன்' என்று பேராம்,
நாட்டுக்கும் அதேதானாம்.
நோட்டில் தமிழில் குறித்தேன்: 'பயன் தலிபாங்.'
பிறகு படித்தபோது எனக்கே விளங்கவில்லை,
என்ன பயன், யாருக்கு?

ஐந்தாம் வகுப்பு முனிசிபாலிட்டி என்றார்.
பள்ளிக்கூடம் என்று நினைத்துவிட்டேன்.
இல்லையாம். வருமானத்தை வைத்து
அரசாங்கமே ஊர்களுக்கு வகுப்பு போட்டிருக்கிறதாம்.
'எங்களுடையது பாஸே ஆகாது' என்று சிரித்தார்.

அரிசி பில்லின் பின்பக்கம் வரைந்து காட்டினார்.
கடலை முதலில் போட்டார், காகிதத்தில் பாதி போய்விட்டது.
மிச்சத்தில் ஒரு மாதா கோவில்,
ஒரு பணம் எடுக்கும் இயந்திரம், பதினைந்தாம் தேதி காலி.
மேயர் பெயர் எழுதிய பஸ் நிழற்குடை,
மேயர் பெயர் எழுதிய குப்பை வண்டி,
புயலுக்குப் பின் மேயர் பெயர் எழுதிய அரிசிப் பை.
நகராட்சிக் கட்டிடத்தின் முன்னால் பாஸ்கெட்பால் மைதானம்.
அறுப்புக் காலத்தில் ஆட்டம் கிடையாது,
கோடு தெரியாமல் நெல் காயும்.
பக்கத்தில் கொப்ரா என்று கட்டம் போட்டார்.
கொப்பரைதானே, என்றேன்.
கொப்ரா, என்றார்.
அதற்கு மேல் அந்தச் சொல்லை
யாரும் யாருக்கும் விளக்கவில்லை.

படிவத்தின் பதினோராவது கட்டம்:
அருகிலுள்ள ரயில் நிலையம்.
அது தீவு. தண்டவாளமே கிடையாது.
'இல்லை' என்று எழுதினேன்.
திங்கட்கிழமை திரும்பி வந்தது.
கணினி 'இல்லை'யை ஏற்காது மேடம்,
பட்டியலில் இருப்பதில் ஒன்றைப் போடுங்கள்.

பட்டியலில் நாட்டிலுள்ள நிலையமெல்லாம் இருந்தது.
என்னிடம் ஊர் எது என்று கேட்பவர்களுக்கு
சீட்டா கேம்ப் என்பேன்.
அதற்கு முன்னால்? என்பார்கள்.
அதற்கு முன்னால் இடித்துவிட்ட வேறொரு காலனி.
கட்டம் இருந்தால் ஏதாவது போட்டாகணும்,
அது எனக்குத் தெரியும்.
சிவ்ரி என்று போட்டேன். தூரம் மூன்று கிலோமீட்டர்.
அப்படியாக,
ஒரு கடலோர ஐந்தாம் வகுப்பு ஊர்
ஹார்பர் லைனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.
முத்திரை குத்தினார்கள்.

மழைக்கு முன்னால் மூன்று பேரை மட்டும் விட்டார்கள்.
எல்மெர் இறங்கும்போது
மற்ற மூவருக்கும் சோறு வடித்து வைத்துவிட்டு வந்தார்.
விமான நிலையத்து வாசலில்
சிவ்ரி விஷயத்தைச் சொன்னேன்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்
கையை எடுக்கவே இல்லை.

இப்போதும் மான்கூர்டு வண்டியில்
காட்டன் கிரீன் தாண்டியதும் தலையைத் தூக்குகிறேன்.
சிவ்ரியில் இருபது விநாடி நிற்கும்.
சேறு, உப்புக்காற்று, மீன் கூடையோடு இருவர்.
மூன்று கிலோமீட்டர்தான்.
ஆனால் சமையலுக்குத் தண்ணீர் ஏழரைக்கு நின்றுவிடும்,
நான் இறங்குவதில்லை.

ஆகஸ்டில் ஒரு படம் அனுப்பினார்.
மைதானம் முழுக்க நெல்,
நடுவில் குறுக்கே போகும் ஒரு நாய்.
ரயில் வந்ததா? என்று கேட்டேன்.
ரொம்ப நேரம் கழித்துப் பதில்:
லேட்.