பறுவம், எண்ணூறு மீற்றர்

கண்ணுக்குப் பெருநிலா.
கமராவுக்கு அது சட்டைப் பொத்தான்.
மூன்று மாசி ஏமாந்து கற்றுக்கொண்டது இவ்வளவுதான்:
நிலவைப் பெரிதாக்க அதற்குக் கிட்டப் போக வழியில்லை,
முன்னால் நிற்கிற ஆளை விட்டுத்
தூரப் போக வேண்டும்.

வதனியை வாய்க்கால் கட்டில் நிறுத்திவிட்டு
மேற்கே வந்தேன் மோட்டசைக்கிளில்,
உருத்திரபுரத்துப் பக்கமாய், வெட்டின வயலுக்குள்ளால்,
வைக்கோல் சில்லில் சுற்றச் சுற்ற.
லென்ஸ் வாடகை. காலை பத்துக்குள்
வவுனியாவில் கொடுக்க வேண்டும்.

"தெரியிறனோ?"
"உன்ர குடை தெரியுது."
"நான் குடை கொண்டு வரேல்லை. அது பட்ட மரம்."

நேற்றே வந்திருக்கலாம்.
பறுவத்துக்கு முதல்நாள் சூரியன் போகுமுன்பே நிலவு வந்துவிடும்,
வயலிலும் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சும்.
நேற்று அவளுக்குச் சங்கக் கூட்டம்.
இன்று நிலவுக்கு அளந்தால் வயல் கரி,
வயலுக்கு அளந்தால் நிலவு
வெள்ளைத் துவாரம்.

ஆறு இருபத்தொன்று. இல்லை.
ஆறு இருபத்தைந்து. இல்லை.
பிறகு, வெட்டு மெசின் கிளப்பின தூசிக்குள்ளிருந்து
அடிவானுக்கு ஒரு விரல் மேலே
அடி நசுங்கின பப்பாப்பழம்.

"கொஞ்சம் தெற்கே."
"தெற்கெண்டால் கிளிநொச்சிப் பக்கமோ?"
"ஓம். இன்னும். இன்னும். நில்."

இரண்டு நிமிடத்தில் தன் அகலத்தைத் தானே கடந்துவிடும் அது.
லென்ஸுக்குள் அவள் கை உயர்ந்தது,
சொல் போனில் பிந்தி வந்தது:

"அண்டைக்கும் இதே வெளிச்சம்தான்.
லைற் ஒண்டும் இல்லாமல் விடிய விடிய நடந்தனாங்கள்.
நிலவை ஒருதரும் நிமிர்ந்து பாக்கேல்லை.
முன்னுக்குப் போறவையின்ர குதிக்காலைத்தான் பாத்தது.
வெள்ளையாத் தெரிஞ்சது, வெடிப்பெல்லாம்."

நான் ஃபோக்கஸைத் திருப்பினேன்.
ஏற்கெனவே சரியாக இருந்ததைத் திருப்பிக் கெடுத்து
மறுபடி சரி செய்தேன்.

நாற்பத்தொரு படம்.
முப்பத்தெட்டில் பட்ட மரம் நடுவில் நிற்கிறது,
நிலவு அதற்காகவே வந்ததுபோல.
ஒன்றில் மட்டும் வதனி,
நிலவின் உயரத்தில் கால்வாசி,
கரிக்கோட்டில் ஒரு ஆள்.
முகம் எந்தப் பக்கம் என்று படம் சொல்லவில்லை.

"வதனி, இப்ப எங்க பாத்துக்கொண்டு நிக்கிறாய்,
இஞ்சாலையோ, நிலவையோ?"

கொஞ்ச நேரம் தவளைகள் மட்டும்,
அவள் பக்கத்துத் தவளைகளும் என் பக்கத்துத் தவளைகளும்.

"நுளம்பு தின்னுது. வந்து ஏத்து."